விழத் தெரிந்தவர்கள்

சென்ட்ரலிலிருந்து புறப்படும் ரயில் கொல்கத்தாவுக்குப் போனாலும் பெங்களூருக்குப் போனாலும் முதலில் பேசின் பிரிட்ஜைத் தாண்டித்தான் ஆக வேண்டும். பக்கிங்ஹாம் கால்வாய், ரயில் பெட்டிகளைக் கழுவிச் செப்பனிடும் யார்டு, நகரத்துக்கு ஒரு காலத்தில் வெளிச்சம் கொடுத்த பவர் ஹவுஸ், லேத் பட்டறைகள். இங்கே தொடங்கி ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் உழைப்பாளிகளின் வட்டாரத்துக்குக் குத்துச்சண்டை பரம்பரைச் சொத்து. சார்பட்டா பரம்பரையும் இடியப்ப நாயக்கர் பரம்பரையும் மோதிய மேடைகளைப் பார்க்க மக்கள் திரண்ட ஊர் இது. ஆங்கிலோ இந்திய வீரர் நாட் டெர்ரியை வீழ்த்திய கித்தேரி முத்துவின் பெயரை இன்றும் இங்கே மரியாதையோடு சொல்கிறார்கள். உண்மையான குத்து எப்படிப் புறப்படும், எங்கே இறங்கும், வாங்கியவன் கால் எப்படித் தள்ளாடும் என்று நேரில் பார்த்துத் தெரிந்த கூட்டம் அது.

அதே கூட்டம்தான் அகஸ்தியா, மகாராணி தியேட்டர்களின் திரையில் நடிகர் ஜெய்சங்கர் குத்தியபோது விசிலடித்தது. அந்தக் குத்து யார்மேலும் படவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். தெரிந்தும் உடம்பு சிலிர்த்தது. அது ஏன் என்பதற்குக் கண், காது, புவியீர்ப்பு மூன்றையும் தொட்டுப் பதில் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும்போது, சுவரொட்டியில் முகம் வராத சில மனிதர்களைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

1970-களின் தொடக்கத்தில் கோடம்பாக்கத்துக்குக் கௌபாய் படங்களின் குதிரைக் காய்ச்சல் பிடித்தது. அதற்கு முன்பே அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘தி லோன் ரேஞ்சர்’ 1949-இலும், ‘கன்ஸ்மோக்’ 1955-இலும் தொடங்கி வீடுவீடாகக் குளம்பொலியைக் கொண்டுபோயிருந்தன. வாரம் ஒரு கதை வேண்டும் என்றால் வாரம் சில பேர் சுடப்பட்டு விழ வேண்டும். ஒரே துணை நடிகர் இந்த மாதம் திருடனாக வந்து சாவார், அடுத்த சில மாதங்களில் வேறொரு தாடியோடு வந்து மறுபடி சாவார். நம்மிடம் தொலைக்காட்சி அப்போது கிடையாது. சென்னைத் தொலைக்காட்சி நிலையமே 1975-இல்தான் வந்தது. ஆனால் தியேட்டர் இருந்தது. தெலுங்கில் கிருஷ்ணா நடித்த ‘மோசகாள்ளகு மோசகாடு’ 1971-இல் வந்து தமிழிலும் பேசியது. ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரான கர்ணன், ஜெய்சங்கரை வைத்து 1972-இல் ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ என்று இரண்டு படம் கொடுத்தார். 1975-இல் ‘எங்க பாட்டன் சொத்து’. அதே 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸும் வெளிவரத் தொடங்கியது. ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் கனவில் தொப்பியும் துப்பாக்கியும் குடியேறிய ஆண்டு அது.

இந்தப் படங்களின் காலத்தோடு பின்னிக் கிடந்த வாழ்க்கை ஜூடோ ரத்னத்துடையது. 1930-இல் பிறந்தவர், குடியாத்தத்துக்காரர். 1959-இல் ‘தாமரைக்குளம்’ படத்தில் சிறு வேடத்தில் திரைக்கு வந்தார். மாடர்ன் தியேட்டர்ஸ் 1966-இல் எடுத்த ‘வல்லவன் ஒருவன்’ அவரை ஸ்டண்ட் மாஸ்டர் ஆக்கியது, கதாநாயகன் ஜெய்சங்கர். அதற்குப் பிறகு பல மொழிகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள். ‘முரட்டுக்காளை’யில் ஓடும் ரயிலின் கூரைமேல் ரஜினிகாந்த் சண்டை போடுவது அவர் அமைத்ததுதான். இடையிடையே அடியாளாக, வில்லனின் ஆளாக முகம் காட்டிவிட்டுப் போவார். நடிகர் என்று பார்த்தால் சிறியவர். திரையில் நாம் எதை நம்பினோமோ அதைக் கட்டிக் கொடுத்தவர் என்று பார்த்தால் பெரியவர்.

முதலில் அந்தக் குத்து. தேர்ந்த குத்துச்சண்டை வீரரின் நேர்க்குத்து, தோளிலிருந்து கிளம்பி இலக்கைத் தொட ஏறத்தாழ ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குதான் எடுக்கும். சினிமா கேமரா ஒரு நொடிக்கு 24 படம் பிடிக்கிறது. கணக்குப் போட்டால் அந்தக் குத்து முழுவதும் இரண்டரைப் படத்துக்குள் முடிந்துவிடும். அந்த இரண்டு படத்திலும் கை வெறும் கலங்கலாகத்தான் தெரியும். மேடையில் எதிராளிக்குத் தெரியாமல் குத்துவதுதான் திறமை. கை பின்னால் போகாது, தோள் அசையாது, கண்கூடக் காட்டிக் கொடுக்காது. திரையில் அதற்கு நேர் எதிர். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரியும்படி கை பின்னால் போய், அகன்ற வளைவில் சுழன்று வர வேண்டும். கித்தேரி முத்து போட்ட குத்தை அப்படியே படம் பிடித்திருந்தால் ஒன்றும் நடக்காமலே ஒருவர் விழுந்ததுபோல் இருந்திருக்கும்.

இரண்டாவது, இடைவெளி. ஸ்டண்ட் குத்து முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் போகிறது. பக்கத்தில் நின்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நம் இரண்டு கண்களுக்கும் இடையே ஆறு, ஆறரை சென்டிமீட்டர் தூரம் இருக்கிறது. ஒவ்வொரு கண்ணும் சற்றே வேறான காட்சியைப் பார்க்கிறது. அந்த வித்தியாசத்தைக் கொண்டு மூளை ஆழத்தை அளக்கிறது. நான்கு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு முகத்துக்கும் முஷ்டிக்கும் நடுவே உள்ள ஒரு சாண் இடைவெளி சந்தேகமில்லாமல் தெரியும். கேமராவுக்கு ஒரே கண். குத்துபவரின் முதுகுப்பக்கம் அதை வைத்து, வாங்குபவரை அவருக்கு நேரே நிறுத்திவிட்டால், முஷ்டி முகத்தைக் கடக்கும் கணத்தில் இரண்டும் ஒரே கோட்டில் வந்துவிடும். கேமரா இன்னும் பின்னால் போய் நீண்ட லென்ஸ் வழியாகப் பார்த்தால் முன்னே இருப்பதும் பின்னே இருப்பதும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும். மிச்சமிருந்த ஆழமும் போய்விடும். ஹாலிவுட்டில் யாகிமா கனட் என்ற ரோடியோ வீரரும் ஜான் வெய்னும் 1930-களில் இந்தக் கோணத்தைப் பழகிப் பழகி ஒரு முறையாகவே ஆக்கினார்கள். உலகம் முழுக்க இன்றும் அதுதான் வாய்ப்பாடு.

அந்தக் கணக்கில் குத்துபவரின் பங்கு பாதிகூட இல்லை. தலையைச் சரியான கணத்தில் வெட்டித் திருப்பி, கழுத்து நரம்பு புடைக்கப் பின்னால் சாய்பவர்தான் குத்தைக் குத்தாக்குகிறார். கோடம்பாக்கத்தில் அவரை ஃபைட்டர் என்பார்கள். ஃபைட்டர் ஒரு நொடியின் சிறு பங்கு முந்தினால் பயந்தவர்போல் தெரியும். பிந்தினால் குத்து பொய்யாகிவிடும். கதாநாயகனின் வீரம் எதிரே நிற்பவரின் கழுத்தில் இருக்கிறது என்று தயங்காமல் சொல்வேன்.

மிச்சத்தைக் காது செய்கிறது. ‘டிஷ்யூம்’ சத்தம் பின்னால் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒட்டப்படுவது. ஆனால் அதை அலங்காரம் என்று ஒதுக்க முடியாது. 1997-இல் ‘நேச்சர்’ இதழில் செகுலர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஒரு எளிய சோதனையை எழுதினார்கள். திரையில் இரண்டு வட்டங்கள் எதிரெதிரே வந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, தாண்டிப் போகின்றன. சத்தமில்லாமல் பார்த்தவர்கள் பெரும்பாலும் ‘கடந்து போயின’ என்றார்கள். இரண்டும் சேரும் கணத்தில் ‘டக்’ என்று ஒரு ஒலியைச் சேர்த்ததும் ‘மோதித் திரும்பின’ என்று பார்த்தவர்கள் மிக அதிகமானார்கள். படம் மாறவில்லை; ஒலி வந்ததும் கண் கண்ட காட்சியே மாறிவிட்டது. மோதல் நடந்ததா என்ற வழக்கில் மூளை காதின் சாட்சியத்தையும் கேட்டுத்தான் தீர்ப்பு எழுதுகிறது. மகாராணி தியேட்டரில் விசிலடித்தவர் ஏமாறவில்லை. அவருடைய மூளை, கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் செய்துவரும் வேலையைச் செய்தது.

குதிரைக் குளம்பொலியும் அப்படித்தான். தேங்காய்க் கொட்டாங்குச்சி இரண்டைக் கவிழ்த்துப் பிடித்துத் தட்டினால் குதிரை வந்துவிடும். குளம்பு கடினமான ஓடு. கொட்டாங்குச்சியும் கடினமான ஓடு, உள்ளே காற்றுக்கு இடமுள்ள குழிவு. தட்டும்போது அந்தக் காற்றும் சேர்ந்து அதிர்வதால் ‘டொக்’ என்ற கனம் கிடைக்கிறது. ஆனால் தாளம் தப்பக் கூடாது. நடை நான்கு தட்டு, பெருநடை இரண்டு தட்டு, மெதுவான ஓட்டம் மூன்று தட்டு. நாலுகால் பாய்ச்சலில் நான்கு தட்டு, பிறகு ஒரு மௌனம். அந்த மௌனத்தில் நான்கு காலும் தரையில் இல்லை. 1878-இல் கலிபோர்னியாவில் புகைப்படக்காரர் மைப்ரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்து இதைப் படம் பிடித்துக் காட்டும்வரை ஓவியர்கள் முன்கால் முன்னே, பின்கால் பின்னே விரிந்த நிலையில்தான் குதிரை காற்றில் மிதக்கிறது என்று வரைந்துகொண்டிருந்தார்கள். உண்மையில் கால்கள் நான்கும் வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கும்போதுதான் அது பறக்கிறது.

சக்கரத்தை யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை, அது தானாகவே ஏமாற்றும். கௌபாய் படத்தில் வண்டி முன்னால் பாய, சக்கரம் பின்னால் சுற்றுவதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. பன்னிரண்டு ஆரக்கால் உள்ள சக்கரம் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு இரண்டு சுற்றுச் சுற்றினால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே ஒவ்வொரு ஆரக்காலும் சரியாக அடுத்த ஆரக்காலின் இடத்துக்கு வந்து நிற்கும். எல்லா ஆரக்காலும் ஒரே மாதிரி இருப்பதால் சக்கரம் அசையாமல் நிற்பதாகத் தெரியும். குறுக்களவு 1.2 மீட்டர் என்றால் வண்டியின் வேகம் அப்போது மணிக்கு 27 கிலோமீட்டர். வேகம் சற்றுக் குறைந்தால் ஆரக்கால் அந்த இடத்துக்கு எட்டாமல் கொஞ்சம் பின்தங்கும். மூளை எப்போதும் குறைந்த தூரத்துக் கதையைத்தான் தேர்ந்தெடுக்கும். ‘பின்னால் நகர்ந்தது’ என்று முடிவு செய்துவிடும்.

இதைச் சினிமா விஷயம் என்று விட்டுவிட முடியாது. பேசின் பிரிட்ஜிலிருந்து எண்ணூர் வரை லேத் பட்டறையில் வேலை பழகியவர்களுக்கு இது உயிர் விஷயம். நம் மின்சாரம் நொடிக்கு 50 அலை. பழைய சோக் வைத்த டியூப்லைட் அதில் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகிறது. நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் நொடிக்கு 25. லேத்தில் வேலைப் பொருளைப் பிடிக்கும் நான்கு தாடையுள்ள சக் அந்த வேகத்தில் சுழன்றால், ஒரு மினுக்கலுக்கும் அடுத்ததற்கும் இடையே சரியாகக் கால் சுற்று. ஒரு தாடை இருந்த இடத்தில் அடுத்த தாடை. ஓடும் சக் நின்றுவிட்டதுபோலத் தோன்றக் கூடும். பட்டறை இரைச்சலில் காதும் கைகொடுக்காது. அதனால்தான் பக்கத்துப் பக்கத்து விளக்குகளை மூன்று ஃபேஸிலும் மாற்றி மாற்றி இணைப்பது, இயந்திரத்தின் மேலேயே மினுக்காத விளக்கு ஒன்றை வைப்பது என்று வழக்கம் வந்தது. ஒன்று மங்கும்போது இன்னொன்று பிரகாசமாக இருக்கும். திரையில் ரசித்த அதே மாயம் பட்டறையில் விரலைக் கேட்கும் என்பதை இந்த வட்டாரம் அறியும்.

குத்தில் கேமரா கைகொடுத்தது, ஒலியைப் பின்னால் ஒட்டினார்கள், சக்கரத்தைக் கணக்கு பார்த்துக்கொண்டது. ஆனால் மாடியிலிருந்து விழுவதற்கு எந்தத் தந்திரமும் கிடையாது. அங்கே ஒரு மனிதர் நிஜமாகவே விழுகிறார்.

மூன்று மீட்டர் உயர மாடி. கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு அடியாள் விழுகிறார். தரையைத் தொடும்போது அவர் வேகம் மணிக்கு 27, 28 கிலோமீட்டர். அந்த வேகம் யாரையும் கொல்வதில்லை. அது எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதுதான் கொல்கிறது. கட்டாந்தரையில் உடல் மூன்று சென்டிமீட்டருக்குள் நின்றுவிட்டால், புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு தாக்கம். 70 கிலோ மனிதர்மேல் ஏழு டன் எடை அழுத்துவதற்குச் சமம். அதையே அறுபது சென்டிமீட்டர் தூரத்தில் நிறுத்தினால் ஐந்து மடங்குதான், 350 கிலோ. அதுவும் ஒரு கணம், முதுகு முழுவதும் பரவி. வேகமாக வரும் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுக்கிறோமே, அதே கணக்கு. ஸ்டண்ட் கலையின் இயற்பியல் பெரும்பாலும் இந்த ஒரே வாக்கியம்தான்: நிற்கும் தூரத்தை நீட்டு.

அதனால்தான் வைக்கோல், மணல், மெத்தை. அவற்றைவிடச் சிறந்தது காலி அட்டைப்பெட்டி. பெட்டியை அடுக்கடுக்காக வைத்து மேலே மெத்தை விரித்தால், விழுபவரின் ஆற்றலை ஒவ்வொரு பெட்டியும் நசுங்கி நசுங்கி வாங்கிக்கொள்ளும். ஸ்பிரிங் கட்டில் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துத் தூக்கி எறியும். நசுங்கிய அட்டை திருப்பிக் கொடுக்காது. இன்று பயன்படும் காற்று மெத்தைகளும் உள்ளேயிருக்கும் காற்றைப் பக்கத் துளைகள் வழியாக வெளியே விட்டு மெல்லத் தளர்வது இதே காரணத்துக்காகத்தான்.

பெட்டி வைக்க முடியாத இடத்தில் உடம்பே பெட்டியாக வேண்டும். இங்கேதான் ரத்னத்தின் பெயருக்கு முன்னே நின்ற கலை வருகிறது. 1882-இல் ஜப்பானில் ஜிகோரோ கானோ உருவாக்கிய ஜூடோவில் மாணவருக்கு முதலில் சொல்லித் தருவது எதிராளியை வீழ்த்துவதையல்ல, தான் விழுவதை. தாடையை நெஞ்சோடு ஒட்டு, தலை தரையில் படக் கூடாது. முதுகை வளைத்து உருள். உருளும்போது தாக்கம் ஒரே இடத்தில் இறங்காமல் தோள், முதுகு, இடுப்பு என்று நேரத்திலும் பரப்பிலும் பிரிந்துபோகிறது. விழும் கணத்தில் முழங்கையிலிருந்து உள்ளங்கைவரை தரையில் அறை. பார்ப்பவருக்கு அது சத்தத்துக்காகச் செய்வதுபோல் இருக்கும். உண்மையில் அது இரண்டு வேலை செய்கிறது: தாக்கத்தில் ஒரு பங்கை வாங்குகிறது; கையை நீட்டி ஊன்றும் இயல்பான பயத்தைத் தடுக்கிறது. விழும்போது கை ஊன்றத்தான் நம் உடல் துடிக்கும்; மணிக்கட்டும் காறை எலும்பும் உடைவது பெரும்பாலும் அதனால்தான். அந்தப் பயத்தைப் பயிற்சியால் அழிக்கப் பல ஆண்டு ஆகிறது. இயற்பியல் பாடத்தில் நாம் ஒரு வரியில் படித்துவிடும் சூத்திரத்தை இவர்கள் முதுகுத்தண்டில் எழுதி வைத்திருந்தார்கள்.

குதிரையிலிருந்து விழுவது இன்னும் கடினம். உயரம் ஒன்றரை மீட்டர்தான், ஆனால் குதிரையின் வேகம் முழுவதும் விழுபவரோடு வரும். கால் அங்கவடியில் சிக்கிக்கொண்டால் இழுத்துக்கொண்டே போய்விடும். விழும் இடத்தை முன்பே தோண்டி, கல் பொறுக்கி, மணல் நிரப்பி வைப்பார்கள். பழைய ஹாலிவுட்டில் குதிரையைத் தடுக்கி விழவைக்க அதன் முன்னங்கால்களில் கம்பி கட்டும் கொடிய வழக்கமொன்று இருந்தது. 1936-இல் வந்த ‘தி சார்ஜ் ஆஃப் தி லைட் பிரிகேட்’ படத்தில் குதிரைகள் செத்தன. 1939-இல் ‘ஜெஸ்ஸி ஜேம்ஸ்’ படத்துக்காக ஒரு குதிரை செங்குத்தான பாறையிலிருந்து தள்ளப்பட்டு இறந்தது. மக்கள் கொதித்தெழுந்த பிறகுதான் அங்கே படப்பிடிப்புகளுக்கு விலங்குநலக் கண்காணிப்பு வந்தது. நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்காகப் போராடியவர் ருக்மிணி தேவி அருண்டேல். அந்தச் சட்டத்தின்கீழ் அமைந்த விலங்குகள் நல வாரியம் அவர் தலைமையில் 1962-இல் தொடங்கி, பல பத்தாண்டுகள் சென்னையிலிருந்தே இயங்கியது. இன்று குதிரையைப் படத்தில் ஓட்ட வேண்டுமென்றால் அந்த வாரியத்தின் அனுமதி வேண்டும்.

குதிரைக்குக் கிடைத்த அந்தக் கவனம் அதன் மேலிருந்து விழுந்தவருக்கு நெடுநாள் கிடைக்கவில்லை. எனக்கு இது மனத்தை அறுக்கும் விஷயம். சுவரொட்டியில் பெயர் இல்லை. டைட்டிலில் ஸ்டண்ட் மாஸ்டரின் பெயர் வரும், அவர் சொல்லுக்கு விழுந்த ஃபைட்டர்களின் பெயர் வராது. டூப் போடுபவரின் வேலையே முகத்தைக் காட்டாமலிருப்பது. தொப்பியை இறக்கிக்கொண்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு, விழுந்து எழுவதற்குள் ‘கட்’ சொல்லிவிடுவார்கள். எழுபவர் கதாநாயகன். 2025 ஜூலையில்கூட நாகப்பட்டினம் மாவட்டத்தில் நடந்த படப்பிடிப்பொன்றில் கார் சாகசத்தின்போது அனுபவமுள்ள ஒரு கலைஞர் உயிரிழந்தார். மென்பொருளால் மலையையே வரையும் காலத்திலும் கார் உண்மையில் கவிழ்கிறது, உள்ளே ஒருவர் உண்மையில் இருக்கிறார்.

அங்கீகாரம் நின்று நிதானித்துத்தான் வந்தது. தமிழ்நாடு அரசின் திரைப்பட விருதுகளில் சண்டைப் பயிற்சியாளருக்கு முன்பே இடம் இருந்தது. தேசிய விருதில் 2016-ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் அந்தப் பிரிவைச் சேர்த்தார்கள். முதல் விருது ‘புலிமுருகன்’ என்ற மலையாளப் படத்துக்காகச் சென்னையில் வளர்ந்த பீட்டர் ஹெயினுக்குப் போனது. அப்போது ஜூடோ ரத்னத்துக்கு வயது 86. 2023 ஜனவரியில் அவர் காலமானார். குத்தின் கோணத்தை வகுத்த யாகிமா கனட்டுக்கு 1967-இல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். ஸ்டண்ட் வடிவமைப்புக்கென்று தனி ஆஸ்கர் 2028 விழாவில்தான் முதன்முதலாக வழங்கப்படும் என்று 2025-இல் அறிவித்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே 61 ஆண்டு.